பெங்களூரில் டி.எல். எடுக்கும் வெளிநாட்டுத் தமிழ் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்கு அது சாரதி அனுமதிப்பத்திரம். ஈப்போவிலிருந்து வருபவருக்கு லைசென்ஸ். பெங்களூரில் எல்லோர் வாயிலும் டி.எல்.தான். விண்ணப்பிக்கும் அரசு இணையதளத்துக்குச் ‘சாரதி’ என்றே பெயர்; இலங்கை மாணவர்களுக்கு அந்த ஒரு சொல்லாவது வீட்டுச் சொல்லாக இருக்கும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாவற்றிலும் இந்தியாவைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் கைப்பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. வேலையை இழுத்தடிப்பது, எந்தக் காகிதம் எதற்கு முன்னால் வர வேண்டும் என்ற வரிசை. அது குலைந்தால் இரண்டு மாதத்தில் முடிய வேண்டியது ஒரு செமஸ்டரையே விழுங்கிவிடும்.

ஐ.டி.பி.யை நம்பி மூன்று வருடம் ஓட்ட நினைப்பது

ஊரிலிருந்து கிளம்பும்போதே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் (ஐ.டி.பி.) எடுத்து வருவது நல்லதுதான். ஆனால் அது விருந்தாளிக்கான சீட்டு. 1949ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் ஐ.டி.பி.யின் ஆயுள் ஒரு வருடம். அந்த வருடம் வழங்கிய தேதியிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் பெங்களூர் வந்து இறங்கிய தேதியிலிருந்து எண்ணக் கூடாது. ஜூன் மாதம் எடுத்து வைத்துக்கொண்டு விசா தாமதமாகி அக்டோபரில் வந்தால் எட்டு மாதம்தான் மிச்சம். கூடவே ஊர் லைசென்ஸின் அசல் அட்டையும் கையில் இருக்க வேண்டும். ஐ.டி.பி. தனியாக எதற்கும் செல்லாது.

காலாவதியானதும் பெங்களூர் ஆர்.டி.ஓ.விலேயே (வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்) புதுப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. இங்கே தரும் ஐ.டி.பி., இந்திய டி.எல். வைத்திருப்பவர் வெளிநாடு போவதற்கானது. உங்களுடையதை உங்கள் நாடுதான் தர வேண்டும்: இலங்கையருக்குச் சிலோன் ஆட்டோமொபைல் அசோசியேஷன், மலேசியருக்கு அங்குள்ள சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே., சிங்கப்பூரருக்கு அங்குள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன்.

வகை எழுத்துகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். மலேசிய லைசென்ஸில் ‘பி2’ என்றால் 250 சிசி வரையிலான பைக், ‘டி’ என்றால் கார். ஐ.டி.பி.யிலோ ‘ஏ’ பைக், ‘பி’ கார். பழக்கதோஷத்தில் ‘பி’க்கு நேரே முத்திரை இருப்பதைப் பார்த்து, பைக்குக்கு அனுமதி இருக்கிறது என்று ஸ்கூட்டரில் ஏறிவிடுகிறார்கள். ‘ஏ’வுக்கு நேரே முத்திரை இல்லாவிட்டால் இரண்டு சக்கர வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் லைசென்ஸ் இல்லாதவர்தான்.

மூன்று, நான்கு வருடம் இங்கே இருக்கப் போகிறவர் முதல் ஆறு மாதத்துக்குள் இந்திய டி.எல்.லுக்கு மாறிவிடுவதே சரி. இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 9(3)இன்படி, வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதே வகை வண்டிக்கு ஓட்டுநர் தேர்வு தேவையில்லை. விண்ணப்பம், கட்டணம், நேரில் போவது ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை. லைசென்ஸ் உண்மையானதுதான் என்று தூதரகக் கடிதம் கேட்கப்படலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றின் துணைத் தூதரகங்களும் சென்னையில் இருப்பதால், கடிதம் வரக் கொஞ்சம் நாள் ஒதுக்குங்கள். முதலில் ஆர்.டி.ஓ.வுக்குப் போய், இந்த விதியைச் சொல்லி, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகே சென்னைக்கு விண்ணப்பியுங்கள். வீணாக இரண்டு முறை அலைய வேண்டியிருக்காது.

எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்கு முன்னால் ஆர்.டி.ஓ.வுக்குப் போவது

வெளிநாட்டவருக்கு முகவரி என்பதே எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவிலிருந்துதான் பிறக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்தில் பதிய வேண்டும். அதற்கு முன்பே, நீங்கள் தங்கும் பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) அல்லது வீட்டின் உரிமையாளர், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (‘சி’ படிவம் என்று அறியப்பட்டது) 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றியிருக்க வேண்டும். பல பி.ஜி. நடத்துபவர்களுக்கு அப்படி ஒரு படிவம் இருப்பதே தெரிவதில்லை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தெரியாது என்று சொல்லும் இடத்தில் உங்கள் எல்லாக் காகிதமும் சிக்கும்.

பதிவு முடிந்து வரும் ஆர்.பி.யில் (தங்கும் அனுமதி) உள்ள முகவரி, வாடகை ஒப்பந்தத்தில் உள்ள முகவரி, சாரதி விண்ணப்பத்தில் நீங்கள் தட்டும் முகவரி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல் மாதம் ஹாஸ்டலில் இருந்துவிட்டு நண்பர்களோடு வேறு வீட்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால், வீடு மாறி, எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் முகவரியையும் மாற்றிய பிறகு விண்ணப்பியுங்கள். எந்த ஆர்.டி.ஓ. என்பதற்கும் அந்த முகவரியைப் பாருங்கள்: கோரமங்களா கேஏ 01, ஜெயநகர் கேஏ 05, எலெக்ட்ரானிக் சிட்டி கேஏ 51, கே.ஆர்.புரம் கேஏ 53.

அடுத்தது பெயர். தமிழர் எல்லோருக்கும் உள்ள தலைவலி இது, இங்கே இரண்டு மடங்காகும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோ, முதலெழுத்தோதான். இலங்கைப் பாஸ்போர்ட்டில் ஒரு வரியை நிறைக்கும் நீண்ட பெயர் இருக்கும், கல்லூரி அதைச் சுருக்கிச் சான்றிதழ் கொடுக்கும். மலேசியப் பாஸ்போர்ட்டில் ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்று நடுவில் சாய்கோடு வரும். பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. ஒரு படிவத்தில் அதை விட்டுவிட்டு, இன்னொன்றில் சேர்த்து எழுதினால் அதிகாரியின் கண்ணுக்கு இருவேறு ஆட்கள். எஃப்.ஆர்.ஆர்.ஓ. பதிவில் பெயர் எப்படி விழுந்ததோ, அதையே கல்லூரிச் சான்றிதழிலும் கேட்டு வாங்குங்கள், சாரதியிலும் அப்படியே எழுதுங்கள். முதலெழுத்தை விரித்து எழுதுவதோ, அப்பா பெயரை முன்னுக்குக் கொண்டுவருவதோ வேண்டாம்.

ஆதார் (இந்திய அடையாள எண்) வரட்டும் என்று காத்திருப்பதும் தவறு. முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இந்தியாவில் இருந்த வெளிநாட்டவருக்குத்தான் ஆதார் கிடைக்கும். டி.எல்.லுக்கு அது கட்டாயமில்லை. சாரதியில் ஆதார் இல்லாமல் தொடரும் வழி இருக்கிறது; என்ன வித்தியாசம் என்றால், வீட்டிலிருந்தே எல்.எல். (பழகுநர் உரிமம்) தேர்வு எழுதும் வசதி உங்களுக்குக் கிடையாது, ஆர்.டி.ஓ.வில் போய் எழுத வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஆர்.பி., கல்லூரிச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தில் ஏஜென்டின் மொபைல் நம்பரைக் கொடுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஓ.டி.பி. அவருக்குப் போகும், ஸ்லாட்டை மாற்றுவதும் அவர் கையில் இருக்கும், பின்னாளில் உங்கள் லைசென்ஸ் விவரத்தை நீங்களே திறக்க முடியாமல் போகும்.

எல்.எல். கைக்கு வந்ததும் தனியாகக் கிளம்புவது

ஊர் லைசென்ஸ் இல்லாமல் புதிதாக எடுப்பவர் எல்.எல்.லிலிருந்து தொடங்க வேண்டும். எல்.எல். தேர்வு எளிது, ஆனால் படிக்காமல் போகாதீர்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் எச்சரிக்கைப் பலகை மஞ்சள் வைரம் போல இருக்கும். இந்தியாவில் அது சிவப்பு ஓரம் போட்ட முக்கோணம். கை சைகைகளையும் கேட்பார்கள். ஒரு நாள் மாலை உட்கார்ந்தால் போதும்.

கட்டணம், மத்திய விதிப்படி: எல்.எல்.லுக்கு வண்டி வகை ஒன்றுக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் தேர்வு வகை ஒன்றுக்கு 300, டி.எல்.லுக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணம் தனி. ஏஜென்ட் கேட்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வகையைத் தேர்ந்தெடுக்கும்போது அவசரப்பட வேண்டாம். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்தால், நண்பரின் கியர் பைக்கை ஓட்ட அது உதவாது. கியர் பைக்குக்கு எடுத்தால் ஸ்கூட்டரும் அதில் அடங்கும். கார் ஓட்டும் எண்ணம் இருந்தால் அதற்கான வகையான எல்.எம்.வி.யையும் அதே விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

எல்.எல்.லின் ஆயுள் ஆறு மாதம். 30 நாள் கழிந்த பிறகே டி.எல். தேர்வுக்குப் போகலாம். ஆக உண்மையில் உங்களுக்கு இருப்பது ஐந்து மாதம். அதற்குள் செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டால் இன்னும் குறையும். விடுமுறைக்கு முந்தைய வாரம் எல்.எல். எடுப்பது வீண். காலேஜ் திறந்த முதல் வாரத்தில் எடுங்கள்.

அந்த நாட்களில் தனியாக ஓட்ட அனுமதி இல்லை. அதே வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பைக்கில் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது, வகுப்புத் தோழியைக் காலேஜில் இறக்கிவிடுவது உட்பட.

நண்பரின் வண்டி, வாடகை வண்டி

எங்கள் கருத்தில் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் மத்திய சட்டம் 5,000 ரூபாய் அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் சொல்கிறது. வண்டியைக் கொடுத்தவருக்கும் அதே அளவு. அபராதத்தை விடப் பெரியது இன்ஷூரன்ஸ். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால், வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வராது. அடிபட்டவருக்கான நஷ்டஈட்டைக் கம்பெனி கட்டினாலும், அதை வண்டிக்காரரிடமிருந்து வசூலிக்க நீதிமன்றம் அனுமதிப்பது வழக்கம். உங்களை நம்பிச் சாவி கொடுத்த நண்பரின் குடும்பம் அந்தக் கடனைச் சுமக்கும். உங்கள் மேல் வழக்கு இருக்கும்போது விசா நீட்டிப்பும் ஊர் திரும்புவதும் சிக்கலாகும்.

வாடகைக்கு எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்கள். சட்டப்படி நீங்களே ஓட்ட வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோக வண்டி. மாத வாடகைக்கு மலிவாகக் கிடைத்தாலும் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

ஹெல்மெட் பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக வாங்குங்கள். மதுவின் அளவும் இங்கே குறைவு: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். இலங்கை வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். வார இறுதியில் மைசூர் போகிறவர்களுக்கு: 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் முதன்மைப் பாதையில் பைக் ஓட்டத் தடை. சர்வீஸ் ரோடுதான்.

அதுவரை எப்படிப் போவது

டி.எல். வரும் வரை வண்டி இல்லாமல் முடியாது என்ற நினைப்பே பல தவறுகளுக்கு வேர். மெட்ரோவில் பர்ப்பிள், கிரீன் இரண்டும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன. 2025 ஆகஸ்டில் திறந்த எல்லோ லைன் ஆர்.வி. ரோட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகிறது. இந்திய வங்கிக் கணக்கு திறக்கும் வரை யு.பி.ஐ.யை (மொபைலில் பணம் செலுத்தும் முறை) நம்பாமல், கவுன்டரில் பணம் கொடுத்து மெட்ரோ ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள்.

நகரப் பேருந்தான பி.எம்.டி.சி. பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டு மாணவிகள் அப்படியே ஏறிவிடுவார்கள். சக்தி திட்டம் கர்நாடகத்தில் வசிப்பிடம் உள்ள பெண்களுக்கானது, அடையாள அட்டை காட்ட வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் செல்லாது, டிக்கெட் எடுங்கள்.

ஆட்டோவில் மீட்டர் கட்டணம் 2025 ஆகஸ்ட் 1இலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18. இரவு 10 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழில் பேசியே காரியம் முடியும். மற்ற இடங்களில் நாலு வார்த்தை கன்னடம் கற்றுக்கொள்வது மரியாதை. லைசென்ஸ் இல்லாமல் சட்டப்படி ஓட்டக்கூடிய மின்வண்டியும் உண்டு: 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாதது. தெருவோரம் நிற்கும் யூலு வாடகை வண்டி அந்த வகை. அதே தோற்றத்தில் வேகமாகப் போகும் மின் ஸ்கூட்டருக்கு இந்த விலக்கு இல்லை.

தேர்வு நாள்

வண்டியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று), இன்ஷூரன்ஸ், எமிஷன் சான்றிதழ் மூன்றும் தேதி முடியாமல் இருக்க வேண்டும். இரவல் வண்டியின் எமிஷன் முந்தின வாரம் முடிந்திருப்பது அடிக்கடி நடப்பது. முந்தின நாளே பாருங்கள்.

பைக்கில் 8 போடும்போது கால் தரையில் பட்டால் போச்சு. முன் சக்கரத்தைப் பார்த்தால் வண்டி உள்ளே சாயும். கண்ணை அடுத்த வளைவில் வையுங்கள், பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஆக்ஸிலேட்டரைச் சீராகப் பிடியுங்கள். காரில் ஓட்டம் சரியாக இருந்தும் தோற்பவர்கள், கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்க்காதவர்களும் இண்டிகேட்டர் போடாதவர்களும். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருளக் கூடாது. தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் எல்.எல். முடிந்துவிடுமா என்று கணக்குப் பாருங்கள்.

டி.எல். வந்ததும் அட்டையை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். உள்ளூர் நண்பர்கள் மொபைலில் அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரைக் காட்டிவிட்டுப் போவார்கள். அதற்கு ஆதார் வேண்டும். ஆதார் இல்லாத உங்களுக்கு, போலீஸ் கேட்கும்போது காட்ட அந்த அட்டைதான் இருக்கிறது. அதோடு ஆர்.பி.யின் நகல் ஒன்றும் பையில் கிடக்கட்டும்.