கதவில் தொங்கவிடும் குரோஷே வளையத்தைப் பின்னும் முறை

கிறிஸ்துமஸ் காலத்தில் கதவிலோ சுவரிலோ தொங்கவிடும் பச்சை வளையத்தைக் குரோஷே பின்னலில், அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் முறையில், செய்வதற்குப் பெரிய தேர்ச்சி தேவையில்லை. சங்கிலி போடவும், சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே ஆகியவற்றைப் பின்னவும் தெரிந்த எவரும் இதைச் செய்து முடிக்கலாம். இலைகளும் பழங்களும் பூவும்தான் கண்ணைக் கவர்கின்றன என்பதால் பலரும் அவற்றிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். ஆனால் அவற்றைத் தாங்கும் வளையத்தின் உறைக்குத்தான் கூடுதல் கவனம் தேவை என்பது என் கருத்து. உறை சுருங்கி மடிப்பு விழுந்துவிட்டால், அதன்மேல் எவ்வளவு நேர்த்தியான இலைகளை வைத்துத் தைத்தாலும் அந்தக் குறை மறையாது.

இங்கே தரப்பட்டுள்ள பின்னல் பெயர்கள் அனைத்தும் அமெரிக்க வழக்கைச் சார்ந்தவை. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்று குறிப்பிடுவதையே பிரிட்டிஷ் வடிவக் குறிப்புகள் டபுள் குரோஷே என்கின்றன. ஆகையால் வேறு குறிப்பிலிருந்து ஒரு பூவையோ மணியையோ எடுத்து இதனுடன் சேர்க்க நினைப்பவர்கள், அது எந்த வழக்கில் எழுதப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேவையானவை

வெளிவிட்டம் 25 செ.மீ., குழலின் தடிமன் 4 செ.மீ. கொண்ட தெர்மகோல் வளையம் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு அளவுகளைத் தருகிறேன். தெர்மகோல் வளையம் கிடைக்காவிட்டால், குழாய்களின்மேல் வெப்பக் காப்புக்காகப் பொருத்தும் நுரைக் குழலை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் இணைத்து வளையமாக்கிக்கொள்ளலாம். அட்டையில் வெட்டிய வளையமும் உதவும் என்றாலும் அது தட்டையாகவே இருப்பதால், அதன்மேல் பஞ்சு வைத்துச் சுற்றிய பிறகுதான் உருண்ட தோற்றம் வரும்.

நூலைப் பொறுத்தவரை, நடுத்தரத் தடிமன் கொண்ட, சுற்றுச்சீட்டில் 4 என்ற எண் அச்சிடப்பட்ட அக்ரிலிக் நூல் உறைக்கு ஏற்றது. அடர்பச்சை 100 கிராம், சற்று வெளிர்ந்த பச்சை 50 கிராம், சிவப்பு 50 கிராம், மஞ்சளில் சில மீட்டர் மட்டும் இருந்தால் போதும். உறைக்கு 4.5 மி.மீ. ஊசியும் அலங்காரங்களுக்கு 3.5 மி.மீ. ஊசியும் வேண்டும். இந்த வகை நூலுக்குச் சீட்டில் பொதுவாக இதைவிடப் பெரிய ஊசியே பரிந்துரைக்கப்பட்டிருக்கும். இருப்பினும், பின்னல் இறுக்கமாக இல்லாவிட்டால் தெர்மகோலின் வெண்மை கண்ணிகளுக்கிடையே எட்டிப்பார்க்கும் என்பதால் சிறிய ஊசியே இதற்குச் சரி. இவற்றோடு அளவு நாடா, குண்டூசிகள், பெரிய காதும் மழுங்கிய முனையும் கொண்ட தையல் ஊசி, பழங்களுக்குள் திணிக்கக் கொஞ்சம் பஞ்சு ஆகியவையும் கைவசம் இருக்க வேண்டும்.

வளையத்தின் உறை

வளையத்தின் வெளிவிளிம்பும் உள்விளிம்பும் ஒரே நீளம் கொண்டவை அல்ல. 25 செ.மீ. விட்டமுள்ள வெளிவிளிம்பின் சுற்றளவு ஏறத்தாழ 78 செ.மீ.; நடுவே உள்ள துளையின் விட்டம் 17 செ.மீ. என்பதால் உள்விளிம்பின் சுற்றளவு 53 செ.மீ. மட்டுமே. ஒரே பட்டை வெளிப்புறத்தில் 78 செ.மீ. வரை நீளவும் உட்புறத்தில் 53 செ.மீ.க்குள் அடங்கவும் வேண்டியிருக்கிறது. சாதாரணமாகப் பின்னிய, நீட்சியற்ற பட்டையைச் சுற்றினால் உட்புறத்தில் கொசுவம் கொசுவமாக மடிப்பு விழுவதற்கும், வெளிப்புறத்தில் பின்னல் இழுபட்டு இடைவெளி தெரிவதற்கும் இந்த 25 செ.மீ. வித்தியாசமே காரணம்.

இதற்குத் தீர்வு, பட்டையை அதன் நீளவாக்கில் பின்னாமல் குறுக்குவாக்கில், அதாவது குட்டை வரிசைகளாக, பின் இழையில் மட்டும் ஊசியைச் செலுத்திப் பின்னுவதாகும். ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் இருக்கும்; அவற்றில் நமக்கு அருகிலுள்ளதை விட்டுவிட்டு, அப்பால் உள்ளதை மட்டும் எடுத்துப் பின்னினால் வரிசைக்கு வரிசை மேடும் பள்ளமுமான வரிகள் உருவாகின்றன. இந்த வரிகள் விரியவும் சுருங்கவும் கூடியவை; அவை குழலைக் குறுக்கே சுற்றி அமையும்போது வெளிப்புறத்தில் விரிந்தும் உட்புறத்தில் நெருங்கியும் தாமாகவே பொருந்திக்கொள்ளும்.

பட்டையின் அகலம் குழலின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 4 செ.மீ. தடிமனுள்ள குழலின் சுற்றளவு சுமார் 12.5 செ.மீ. என்பதால் பட்டை 11.5 செ.மீ. அகலம் இருந்தால் இழுத்துத் தைக்கும்போது விறைப்பாக நிற்கும். அடர்பச்சை நூலில் 19 சங்கிலிகள் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் குரோஷே பின்னினால் 18 கண்ணிகள் கிடைக்கும்; பெரும்பாலான கைகளுக்கு இது விரும்பிய அகலத்தைத் தரும். நான்கைந்து வரிசைகள் முடிந்ததும் அளந்து பார்த்து, அகலம் கூடினாலோ குறைந்தாலோ பிரித்துவிட்டுச் சங்கிலிகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்வது நல்லது. பாதி வேலை முடிந்த பிறகு இந்தத் திருத்தத்துக்கு வழியில்லை.

அடுத்த வரிசை முதல், ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, 18 கண்ணிகளையும் பின் இழையில் மட்டும் சிங்கிள் குரோஷேயாகப் பின்ன வேண்டும். திருப்பும் சங்கிலியைக் கண்ணியாக எண்ணக் கூடாது. ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கண்ணியில் மட்டும் இரண்டு இழைகளையும் சேர்த்து எடுத்தால் ஓரம் தளராமல் நேராக இருக்கும். தைக்கும்போது அந்த நேரான ஓரம் பெரிதும் உதவும். பத்து வரிசைகளுக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், ஓரத்தில் ஒரு கண்ணி நழுவிப் பட்டை குறுகிக்கொண்டே போவதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடலாம்.

பட்டையை இழுக்காமல் கிடத்தி அளக்கும்போது 60 செ.மீ. நீளம் வந்தால் நிறுத்திவிடலாம். நூறு வரிசைகளுக்குச் சற்று முன்பின்னாக இந்த நீளம் வரும். வரிசைகளின் எண்ணிக்கையைவிட அளவு நாடா காட்டுவதையே நம்ப வேண்டும். குழலின் நடுக்கோட்டுச் சுற்றளவு 66 செ.மீ. ஆகையால், பட்டை லேசாக இழுபட்ட நிலையில் வளையத்தில் அமரும்.

தைப்பதற்கு முன், பருத்திக் கயிறு ஒன்றை வளையத்தின் உச்சியில் தெர்மகோலையே சுற்றிக் கட்டி, தொங்கவிடுவதற்கான கண்ணியாக விட்டுவிட வேண்டும். உறையின் மேல் தைக்கப்படும் கண்ணி நாளடைவில் உறையை மேல்நோக்கி இழுத்துவிடும். அக்ரிலிக் நூலில் பின்னிய சங்கிலியும் எடையால் நீண்டுகொண்டே போகும். பிறகு வளையத்தையும் பட்டையையும் நான்கு சம பாகங்களாகக் குறித்து, குறிக்குக் குறி குண்டூசியால் பொருத்தி, ஓரங்கள் பின்புறத்தில் சந்திக்குமாறு இழுத்து, அதே நூலால் ஓரத்தையும் ஓரத்தையும் சுற்றித் தைத்துக்கொண்டே வரலாம். கயிறு இருக்கும் இடத்தில் அதைத் தையலின் வழியாகப் பின்புறம் வெளியே விட்டுவிட வேண்டும். நான்கு இடங்களில் முன்கூட்டியே பொருத்தாமல் ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டு போனால், இறுதியில் பட்டை மிஞ்சும் அல்லது போதாமல் போகும். பட்டையின் இரு முனைகளும் இணையும் இடம் வளையத்தின் கீழ்ப்பகுதியில், பின்னர் பூவால் மறையுமாறு அமையட்டும்.

ஒட்டுவதைவிடத் தைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அசிட்டோன் கலந்த பசைகள் தெர்மகோலைக் கரைத்துவிடும். அதிகச் சூடான பசைத் துப்பாக்கியும் அதில் குழி விழச் செய்யும். தவிர, தைத்த அலங்காரத்தைப் பிரித்து இடம் மாற்றலாம். ஒட்டியதைப் பிய்த்தால் உறையும் சேர்ந்து பாழாகும்.

ஹாலி இலைகள்

முட்போன்ற கூர்முனைகள் ஓரத்தில் நிற்பதுதான், கிறிஸ்துமஸ் அலங்காரங்களில் இடம்பெறும் ஹாலி செடியின் இலைக்கு அடையாளம். 3.5 மி.மீ. ஊசியால் 11 சங்கிலிகள் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலி முதல் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒன்றாக இவ்வாறு பின்ன வேண்டும்: சிங்கிள், ஹாஃப் டபுள் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரமுள்ள பின்னல்), டபுள்; உடனே 2 சங்கிலி போட்டு அந்த டபுளின் தலையிலேயே ஸ்லிப் ஸ்டிச் (இழுத்த நூலை ஊசியிலுள்ள கண்ணி வழியாகவும் உடனே வெளியே எடுக்கும் இணைப்புப் பின்னல்) போட்டால் ஒரு கூர்முனை உருவாகும். தொடர்ந்து ஹாஃப் டபுள், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள்; மீண்டும் அதேபோல் ஒரு கூர்முனை; பிறகு ஹாஃப் டபுள், சிங்கிள், கடைசிச் சங்கிலியில் ஸ்லிப் ஸ்டிச். இப்போது 2 சங்கிலிகள் போட்டால் இலையின் நுனி அமைகிறது. வேலையைத் திருப்பாமல், சங்கிலியின் மறுபக்கத்தில் இதே வரிசையைத் தலைகீழாக, அதாவது ஸ்லிப் ஸ்டிச்சில் தொடங்கிச் சிங்கிளில் முடியுமாறு பின்னி, தொடக்கக் கண்ணியில் ஸ்லிப் ஸ்டிச் போட்டு இணைத்து, 15 செ.மீ. நூலைத் தைப்பதற்காக விட்டு வெட்ட வேண்டும்.

அடர்பச்சையில் ஏழும் வெளிர்பச்சையில் ஐந்தும் செய்தால் போதுமானது. எல்லா இலைகளும் ஒரே நிறத்தில் இருந்தால் அவை உறையின் நிறத்தில் கலந்துபோய், வளையம் தூரத்திலிருந்து வெறும் பச்சைத் திட்டாகவே தெரியும்.

பின்னி முடித்த இலைகள் சுருண்டிருக்கும். அக்ரிலிக் இலைகளைத் துணி விரித்த பலகையில் குண்டூசிகளால் முனை முனையாகக் குத்தி விரித்து, நீராவிப் பெட்டியைத் தொடாமல் மேலே பிடித்துச் சில நொடிகள் ஆவி காட்டி, ஆறிய பிறகே எடுக்க வேண்டும். சூடான பெட்டி நேரடியாகப் பட்டால் அக்ரிலிக் உருகிப் பளபளத்துத் துவண்டுவிடும். அதை மீட்க முடியாது. பருத்தி நூலில் பின்னிய இலைகளுக்குக் கஞ்சியே சிறந்தது. கஞ்சியில் நனைத்து, குத்தி விரித்துக் காயவைத்தால் கூர்முனைகள் விறைத்து நிற்கும்.

பூவும் பழங்களும்

இங்கே பின்னப்போகும் சிவப்புப் பூ பாயின்செட்டியா. அதில் நாம் இதழ்கள் என்று நினைக்கும் சிவந்த பகுதிகள் உண்மையில் நிறம் மாறிய இலைகளே. பூக்கள், நடுவில் மஞ்சளாகத் தெரியும் சிறு மொட்டுகள் மட்டுமே. இது பின்னுவதற்கும் உதவும் செய்தி: இதழ்களை உருண்டையாக்காமல் கூராகவும் நீளமாகவும், சிறியதும் பெரியதுமாக இரண்டு அடுக்குகளில் அமைத்தால்தான் பூ இயல்பாகத் தோன்றும்.

சிவப்பு நூலில் மேஜிக் ரிங் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) அமைத்து அதற்குள் 6 சிங்கிள் போட்டு இணைத்த பிறகு, 7 சங்கிலிகள் போட்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து திரும்பிவரும் வழியில் சிங்கிள், ஹாஃப் டபுள், இரண்டு டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள் பின்னி, மேஜிக் ரிங்கின் அடுத்த கண்ணியில் ஸ்லிப் ஸ்டிச் போட்டால் ஓர் இதழ் முடிகிறது. இவ்வாறு ஆறு இதழ்கள். பின்னடுக்குக்கு 9 சங்கிலிகளில் தொடங்கி, நடுவில் இரண்டு டபுள்களுக்குப் பதிலாக நான்கு டபுள்கள் பின்னலாம். மேலடுக்கின் இதழ்கள் கீழடுக்கின் இடைவெளிகளில் விழுமாறு திருப்பி வைத்துத் தைத்து, நடுவில் மஞ்சள் நூலால் ஐந்தாறு முடிச்சுத் தையல்கள் போட வேண்டும்.

பழங்களுக்கு மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாக 12. மூன்றாம் சுற்று மாற்றமின்றி 12. நான்காம் சுற்றில் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து 6. மூடுவதற்கு முன் பஞ்சைத் திணித்து, எஞ்சிய கண்ணிகளின் வழியே நூலைச் செலுத்தி இறுக்கினால் உருண்டை முடிந்தது. ஒன்பது பழங்கள் போதும்.

அடுக்கித் தைத்தல்

அலங்காரங்களை வளையம் முழுவதும் சம இடைவெளியில் பரப்புவது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. நான் அதை விரும்புவதில்லை. பூவைக் கீழ்ப்பகுதியில் சற்று இடப்புறமாக வைத்து, இலைகளை அதன் இருபக்கமும் வளைவின் போக்கில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு மேல்நோக்கிக் குறைத்துக்கொண்டே சென்று, வளையத்தின் மேற்பாதியை வெறுமையாக விட்டால், பின்னிய உறையின் வரிகளும் தெரியும். இதில் தொங்கவிடுவதற்கான ஒரு வசதியும் அடங்கியிருக்கிறது: எடை கீழே இருக்கும்போது வளையம் ஆணியில் சுழலாமல் நிலையாக நிற்கும், மேற்பகுதி கனமானால் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அது ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.

முதலில் எல்லாவற்றையும் குண்டூசியால் மட்டும் பொருத்தி, வளையத்தை அது தொங்கப்போகும் இடத்திலேயே மாட்டி, சில அடிகள் பின்னால் நின்று பார்த்த பிறகே தைக்க வேண்டும். மேசையில் கிடக்கும்போது நன்றாகத் தெரிந்த இலைகள் தொங்கும்போது முன்னோக்கிச் சரியக்கூடும். அதனால் இலையின் அடிப்பகுதியைத் தைத்ததோடு நிறுத்தாமல், நடு நரம்பின் பாதித் தூரம் வரை மறைதையல் போட்டு, நுனியை மட்டும் விட்டுவிட வேண்டும். பழங்களை மும்மூன்றாகச் சேர்த்து, இலைகளின் அடிப்பகுதி தெரியும் இடங்களில் வைத்தால் தையல்களும் மறையும்.

இதன்மேலோ இதனருகிலோ மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது. 1839ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் மெழுகுவர்த்திகளோடு அமைத்த திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களின்) வளையத்தின் வழிவந்தவை மேசையில் கிடத்தி ஏற்றுவதற்கானவை. அக்ரிலிக்கும் தெர்மகோலும் எளிதில் தீப்பற்றக்கூடியவை என்பதால் அந்த வகையை நூலில் பின்ன முயல வேண்டாம். ஒளி வேண்டுமானால், மின்கலத்தில் இயங்கும் மெல்லிய எல்இடி சரத்தை இலைகளின் அடியில் சுற்றி, மின்கலப் பெட்டியைப் பின்புறத்தில் தைத்துவிடலாம்.

பண்டிகை முடிந்தபின் மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, பருத்தித் துணியில் சுற்றி, மேலே வேறு எதையும் அடுக்காமல் தட்டையான பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டிக்குள் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு மூன்று மீட்டர் நூலைச் சுருட்டி வைப்பது நல்லது. ஒரே நிற எண் கொண்ட நூலும் சாயமிட்ட தொகுதிக்குத் தொகுதி சற்று மாறுபடும் என்பதால், அடுத்த ஆண்டு ஓர் இலை தளர்ந்தாலோ பழம் அறுந்தாலோ பழுதுபார்ப்பதற்கு அந்த நூலே பொருந்தும்.