டிரையரில் தீ: பஞ்சு மட்டும் காரணமில்லை

தீபாவளிக்கு மறுநாள் அழுக்குக் கூடையைக் கவிழ்த்தால் அந்த வாடை வரும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை துவட்டிய துண்டுகள். மெஷினில் ஒரு தடவை போட்டு எடுத்தும் சிக்கு வாடை போயிருக்காது. ஊரில் என்றால் மொட்டை மாடிக் கொடியில் உதறிப் போட்டுவிடலாம். நியூ ஜெர்சி குளிரில் கை தானாகத் துணி உலர்த்தும் டிரையரின் கதவைத் திறக்கும். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். சூடு பட்டால் வாடை போய்விடும் என்று ஒரு நினைப்பு.

போகாது. வாடை இருந்தால் எண்ணெய் இன்னும் நூலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். துணியிலிருந்து உதிரும் பஞ்சு டிரையரில் சேர்ந்தால் ஆபத்து என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்த் துணியைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாகச் சேரும். சேரும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவரும். கொடியில் விரித்த துணியில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியவும் தெரியாது. அதே துண்டை டிரையரில் சூடேற்றி, சூடு ஆறுமுன் மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவிலிருக்கும் வெப்பத்துக்குப் போக வழியில்லை. சூடு ஏற ஏற ஆக்சிஜன் சேர்வது வேகமாகும், அதனால் இன்னும் சூடு. சில மணி நேரம் கழித்து, எல்லோரும் தூங்கிய பிறகு, அடுக்கின் நடுவிலிருந்து புகை கிளம்பும். உணவகங்களின் கைத்துணி, மசாஜ் நிலையங்களின் துண்டு இவற்றில் இப்படித் தீப்பிடிப்பது தீயணைப்புத் துறையினருக்குப் பழகிப்போன விஷயம். மரச்சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணிக்கு டிரையர்கூட வேண்டாம். சுருட்டிப் போட்ட மூலையிலேயே பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் சாது, ஆக்சிஜனோடு அவ்வளவு எளிதில் சேராது. ஆனால் தலைக்கு வைத்தது எந்த எண்ணெய் என்று துண்டைப் பார்த்துச் சொல்ல முடியாதே.

எண்ணெய்த் துண்டை வெந்நீரில், சோப்புத் தூள் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, இரண்டு தடவை துவையுங்கள். ஈரத் துண்டை மூக்கருகே வைத்துப் பாருங்கள். வாடை இருந்தால் குளியலறைக் கம்பியில் விரித்துக் காயப்போடுவதுதான் சரி, இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அவசரத்துக்குப் பாதியில் நிறுத்துவது. கடைசிச் சில நிமிஷம் டிரையர் சூடில்லாமல் சும்மா சுற்றுவது துணியை ஆற வைப்பதற்காகத்தான். அதற்கு முன்பே நிறுத்தி, சூடான துணிகளை உள்ளேயே குவியலாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.

வெடிக்கும் ஆபத்து வேறு வகை. புல்வெட்டும் இயந்திரத்துக்கு பெட்ரோல் ஊற்றும்போது பேன்ட்டில் சிந்தியது, பெயின்ட் தின்னர் துடைத்த துணி, இவைதான் அதற்குக் காரணம். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். துணி சுழலும் மூடிய டிரம்முக்குள் அந்த ஆவி காற்றோடு கலந்து நிற்க, கேஸ் டிரையரின் சுடரோ மின்பொறியோ பட்டால் போதும். துவைத்துவிட்டோமே என்பது சமாதானம் ஆகாது, ஒரு துவைப்பில் முழுக்கப் போவதில்லை. இந்தத் துணிகளுக்கு வெளியே கொடிதான். பையில் லைட்டர் கிடக்கிறதா என்றும் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

சரி, இப்போது பஞ்சு. அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகத் துறை 2008 முதல் 2010 வரையிலான கணக்கைப் பார்த்தது. வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ, அதில் 34 சதவீதத்துக்குச் சுத்தம் செய்யாததே காரணம். ஜனவரியில்தான் அதிகம்.

ஆனால் நான்தான் ஒவ்வொரு தடவையும் பஞ்சு பிடிக்கும் வலையைச் சுத்தம் செய்கிறேனே என்பீர்கள். வலை பிடிப்பது ஒரு பகுதியைத்தான். மீதி பின்னால், ஈரக் காற்றை வெளியேற்றும் குழாய்க்குள் போகிறது. நாங்கள் குடிவந்து நாலு வருஷம் கழித்து டிரையரை முன்னால் இழுத்துக் குழாயைக் கழற்றினேன். உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம். வளைவில் கை விட்டால் இரண்டு விரல்தான் நுழைந்தது. அதற்கு முன் சில மாதங்களாக ஜீன்ஸ் காய இரண்டு சுற்று ஆகிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படலத்தில் ஒரு சிட்டிகையைச் சிங்க்கில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன், கற்பூரம் போலப் பிடித்தது.

குழாய் வெள்ளை பிளாஸ்டிக்கிலோ மெல்லிய ஃபாயிலிலோ இருந்தால் மாற்றிவிடுங்கள். வழுவழுப்பான உலோகக் குழாய்தான் வேண்டும், இணைப்பில் ஸ்க்ரூ முனை உள்ளே நீட்டக் கூடாது, அதில்தான் பஞ்சு மாட்டும். அமெரிக்காவின் மாதிரிக் கட்டட விதிப்படி குழாயின் நீளம் பொதுவாக 35 அடிக்கு மேல் போகக் கூடாது, சாதாரண செங்கோண வளைவு ஒவ்வொன்றுக்கும் 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பறவை வரும் என்று வெளி முனையில் கொசுவலை கட்டுகிறவர்கள் உண்டு. பறவை வராது, பஞ்சும் வெளியே போகாது. டிரையர் ஷீட் (துணி மென்மையாக இருக்க உள்ளே போடும் தாள்) போடுகிறவர்கள் வலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் மெழுகு படிந்திருக்கிறது, பழைய பல்துலக்கியால் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும்.

இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது தப்பு, ஆள் இருந்தால் போதும் என்று நினைப்பது அரைத் தப்பு. பிரிட்டனில் வேர்ல்பூல் நிறுவனம் தன் சில டிரையர்களில் பஞ்சு ஹீட்டர் மேல் விழுகிறது என்று 2015-இல் அறிவித்தது. பழுது பார்க்கும்வரை, வீட்டில் ஆள் இருக்கும்போது ஓட்டலாம் என்றும் சொன்னது. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் ஒரு அடுக்குமாடி எரிந்தது. வீட்டில் ஆள் இருந்தபோதே, அந்த வகை டிரையரிலிருந்துதான் தீ தொடங்கியது. 2017-இல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று அறிவுரை மாறியது. உங்கள் மாடல் எண் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

ஃபோம் தலையணை, ரப்பர் அடியுள்ள கால்மிதி இவையும் டிரையரில் வேண்டாம்.

ஓடும்போது கருகல் வாடையோ புகையோ வந்தால் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே காற்று போய்க் குப்பென்று பிடிக்கும். எட்ட முடிந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்த அறைக் கதவையும் சாத்திவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் வரச் சொல்லுங்கள். தீ குழாய் வழியாகச் சுவருக்குள் போயிருக்கலாம், அதை அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.