புராடக்ட் மேனேஜர் என்னதான் செய்கிறார்? ஒரு கோரிக்கையைப் பின்தொடர்ந்து பார்ப்போம்

மென்பொருள் நிறுவனத்தில் நிரல் எழுதுபவர் பொறியாளர், திரைகளை வடிவமைப்பவர் டிசைனர், வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்ப்பது விற்பனைக் குழு. இவர்களுக்கு நடுவே புராடக்ட் மேனேஜர் என்றொருவர் இருக்கிறாரே, அவருக்கு என்ன வேலை என்ற கேள்வி புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டுமல்ல, அவர் அருகிலேயே அமர்ந்திருக்கும் பொறியாளர்களுக்கும் சில சமயம் எழுவதுண்டு. எந்தச் சிக்கலை இப்போது தீர்ப்பது, எதைத் தீர்க்காமல் விடுவது என்று முடிவெடுத்து, அந்த முடிவின் காரணத்தை மற்றவர்கள் ஏற்கும்படி விளக்குவதுதான் அவர் வேலை. அந்தப் பொறியாளரும் டிசைனரும் பெரும்பாலும் வேறு மேலாளர்களின் கீழ் பணிபுரிவதால், ஆணையிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

தமிழில் 'தயாரிப்பு மேலாளர்' என்று எழுதினால் ஆலையில் உற்பத்தியைக் கவனிப்பவர் நினைவுக்கு வருவதால், இங்கே புராடக்ட் மேனேஜர் என்றே எழுதுகிறேன். 'பி.எம்.' என்ற சுருக்கமும் குழப்பம் தரும், ஏனென்றால் ப்ராஜெக்ட் மேனேஜரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஒப்புக்கொண்ட வேலை குறித்த நாளில், குறித்த செலவில் முடிகிறதா என்று பார்ப்பவர் ப்ராஜெக்ட் மேனேஜர். அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா என்று அதற்கு முன்பே கேட்பவர் புராடக்ட் மேனேஜர்.

இந்தப் பணி மென்பொருள் துறைக்கு முந்தையது. 1931 மே 13 அன்று, ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பேற்கத் தனியாட்கள் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். விற்பனை எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே சரிகிறது, ஏன் சரிகிறது என்று நேரில் போய் ஆராய வேண்டும் என்ற அந்தக் குறிப்பின் சாரம் இன்றும் மாறவில்லை.

இனி ஒரு கற்பனைச் செயலியை எடுத்துக்கொள்வோம். மருத்துவரைச் சந்திக்க நேரம் முன்பதிவு செய்யும் செயலி அது. அதற்கு நீங்கள்தான் புராடக்ட் மேனேஜர்.

படி 1: கோரிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்

"முன்பதிவுச் சீட்டை பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் வேண்டும்" என்று பலர் கேட்பதாக வாடிக்கையாளர் சேவைக் குழு சொல்கிறது. விற்பனைக் குழுவும் அதையே கேட்கிறது. புதியவர்கள் பலர் உடனே பொறியாளரிடம் போய், இதைச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிடுகிறார்கள். பயனர் கேட்பது அவர் தமக்குத் தாமே யோசித்துக்கொண்ட தீர்வு; எந்தத் தொல்லை அவரை அப்படி யோசிக்க வைத்தது என்பது இன்னும் நமக்குத் தெரியாது.

படி 2: பயனர்களிடம் நடந்ததைக் கேளுங்கள்

கோரிக்கை வைத்தவர்களில் ஐந்தாறு பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "பி.டி.எஃப். பட்டன் கொடுத்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்பார்கள், அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. "கடைசியாக மருத்துவமனைக்குப் போன அன்று சீட்டை எங்கே, யாரிடம் காட்டினீர்கள், அப்போது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். நடுவில் விழும் அமைதியை நாமே நிரப்பிவிடாமல் பொறுத்திருப்பதுதான் இந்தப் படியில் மிகக் கடினமானது என்பது என் கருத்து.

ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "பதிவு மேசை கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் வராது. செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் வீட்டிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்." இன்னும் இருவர் இதையே வேறு சொற்களில் சொன்னால், சிக்கல் கிடைத்துவிட்டது. பி.டி.எஃப். இல்லாதது அவர்களுடைய குறையே அல்ல. இணையம் இல்லாத இடத்தில் சீட்டு திறக்கவில்லை என்பதுதான் குறை.

படி 3: சிக்கலை ஒரு பத்தியில் எழுதுங்கள்

"முன்பதிவு செய்தவர்கள் பதிவு மேசைக்கு வரும்போது, இணையம் கிடைக்காவிட்டால் சீட்டைக் காட்ட முடிவதில்லை, அதனால் வரிசை தாமதமாகிறது, சிலர் முன்பதிவே செய்யாதவர்களைப் போல நடத்தப்படுகிறார்கள்." இதில் பட்டன், திரை, கோப்பு என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். தீர்வின் பெயர் உள்ளே நுழைந்துவிட்டால் அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 4: நான்கு கேள்விகளால் தீர்வைச் சோதியுங்கள்

சீட்டை ஃபோனிலேயே சேமித்து வைக்கலாம் என்ற யோசனை பிறக்கிறது. இது பயனருக்கு உண்மையிலேயே வேண்டுமா, அவரால் எளிதாகப் பயன்படுத்த முடியுமா, நம் பொறியாளர்களால் கட்ட முடியுமா, நிறுவனத்துக்கும் சட்டத்துக்கும் ஒத்துவருமா என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கும் இங்கே விரைவில் விடை கிடைத்துவிடும். நான்காவதில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. எந்த மருத்துவரை எப்போது சந்திக்கிறார் என்பது அந்தரங்கத் தகவல் என்பதால், ஃபோன் வேறொருவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று சட்டக் குழுவிடமும் பாதுகாப்புக் குழுவிடமும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

படி 5: வரிசைப்படுத்துங்கள்

எந்த யோசனையை முதலில் செய்வது என்று முடிவுசெய்யப் பலரும் பயன்படுத்தும் 'ரைஸ்' (RICE: Reach, Impact, Confidence, Effort) முறை எளிதானது. எத்தனை பேரைத் தொடும், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன், நம் மதிப்பீட்டில் எவ்வளவு உறுதி ஆகிய மூன்றையும் பெருக்கி, தேவைப்படும் உழைப்பால் வகுக்க வேண்டும். பயனுக்கு 0.25 முதல் 3 வரை மதிப்பெண். உழைப்பின் அலகு ஓர் ஆளின் ஒரு மாத வேலை.

மாதம் 4,000 பேர், பயன் 2, உறுதி 80 விழுக்காடு, உழைப்பு 2 என்றால், சீட்டைச் சேமிக்கும் யோசனைக்கு 4,000 × 2 × 0.8 ÷ 2 = 3,200. பி.டி.எஃப். பட்டனுக்கு 4,000 × 0.5 × 0.5 ÷ 1 = 1,000. மேலிடம் ஆசைப்படும் வீடியோ ஆலோசனைக்கு 600 × 3 × 0.5 ÷ 6 = 150.

இந்த எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உறுதி ஏன் 50 விழுக்காடுதான் என்று யாராவது கேட்டு, அதன்மேல் விவாதம் எழுவதே இக்கணக்கின் பலன். தாம் விரும்பும் விடை வரும்வரை எண்களைத் திருத்திக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு இந்தக் கணக்கு எதற்கு?

படி 6: பொறியாளர் கட்டக்கூடிய அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள்

"முன்பதிவு செய்தவராகிய நான், இணையம் இல்லாதபோதும் என் சீட்டைக் காட்ட விரும்புகிறேன்" என்று பயனரின் குரலில் ஒரு வரி எழுதுங்கள். அதன்கீழ், வேலை முடிந்தது என்று எப்போது ஒப்புக்கொள்வோம் என்பதற்கான நிபந்தனைகள்:

- இணையம் துண்டிக்கப்பட்ட நிலையில் செயலியைத் திறந்தால் 2 நொடிக்குள் சீட்டு தெரிய வேண்டும்.
- கடைசியாகத் தகவல் புதுப்பிக்கப்பட்ட நேரம் சீட்டில் இருக்க வேண்டும்.
- சந்திப்பு முடிந்து 24 மணி நேரத்தில் சேமித்த பிரதி ஃபோனிலிருந்து நீங்க வேண்டும்.

இந்தச் சுற்றில் என்னவெல்லாம் செய்யப்போவதில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வரைவை முழுமையாக்கிவிட்டுக் காட்டலாம் என்று காத்திருக்க வேண்டாம். "இணையம் இல்லாத நேரத்தில் மருத்துவர் சந்திப்பை ரத்துசெய்தால், பழைய சீட்டையே காட்டுவோமா?" என்று ஒரு பொறியாளர் கேட்பார், அரைகுறை வரைவை முதல் நாளிலேயே காட்டினால், அந்தக் கேள்வி நிரல் எழுதத் தொடங்கும் முன்பே வந்துவிடும்.

படி 7: மறுப்பை எழுத்தில் சொல்லுங்கள்

விற்பனைக் குழு பட்டனைத்தான் கேட்டது. "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பது மரியாதைபோலத் தோன்றினாலும், அவர்கள் அதை வாக்குறுதியாகவே வாடிக்கையாளரிடம் கொண்டுபோவார்கள். இப்படி எழுதலாம்: "பி.டி.எஃப். பட்டனை இந்தக் காலாண்டில் செய்யவில்லை. கேட்டவர்களிடம் பேசியதில், சிக்னல் இல்லாத இடத்தில் சீட்டு திறக்காததே அவர்கள் சிக்கல் என்று தெரிந்தது, அதைச் சரிசெய்கிறோம். அதன்பிறகும் பட்டனைக் கேட்பவர்கள் இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள்."

படி 8: வெளியிடுங்கள், அளந்து பாருங்கள்

வெளியிடும் முன்பே, எந்த எண் எவ்வளவு மாறினால் வெற்றி என்று தேதியுடன் எழுதிவையுங்கள். பிறகு எழுதினால், கிடைத்த எண்ணையே இலக்கு என்று சொல்லிக்கொள்ளத் தோன்றும். முதலில் 5 விழுக்காட்டுப் பயனர்களுக்கு மட்டும் கொடுத்து, செயலி நின்றுபோகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்குத் திறந்துவிடுங்கள். சீட்டு திறக்கவில்லை என்ற புகார்கள் ஒரு மாதத்தில் பாதியாகக் குறைய வேண்டும் என்பது இங்கே ஒரு நியாயமான இலக்கு.

குறையவில்லை என்றால், முன்பு பேசிய அதே பயனர்களை அழைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். பதிவு மேசையில் கேட்கும் எண் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, அதைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காகத்தான் இன்னமும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவரலாம்.