பழங்கதையின் வழியே கொரிய ஊர்களைக் காண ஒரு வழிகாட்டி

கொரியாவுக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் சியோல், பூசான், ஜேஜு தீவு ஆகிய மூன்றோடு பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். மாகாண ஊர்களை எட்டிப் பார்ப்பவர்களும் திருவிழாத் திடலில் ஒரு பகல் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த விழா எந்தத் தெய்வத்துக்கு எடுக்கப்படுகிறது, அந்தத் தெய்வத்துக்கும் ஊருக்கும் என்ன உறவு என்பது தெரியாவிட்டால் எல்லா ஊர் விழாவும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆகவே ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊரின் கதையை முன்கூட்டியே படித்து, கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடங்களைக் கதையின் வரிசையிலேயே பார்த்துவிட்டு, அதன் பிறகு விழாவுக்குப் போவதே சிறந்த முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் நாளைக் கணக்கிட வேண்டும். பழைய விழாக்கள் பலவும் சந்திர மாதக் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். கொரியச் சந்திர மாதம் அமாவாசையன்று தொடங்குவதால் பதினைந்தாம் நாள் பௌர்ணமியை ஒட்டி வரும். நம் வீட்டு நாட்காட்டியைப் பார்த்தே ஏறக்குறைய கணக்கிட்டுவிடலாம். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளான தானோ, மே மாதக் கடைசிக்கும் ஜூன் மாதக் கடைசிக்கும் இடையில் விழும். தென்மேற்கே ஜிந்தோ தீவில் கடல் விலகி ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை தெரியும் விழாவுக்கு நாள் குறிப்பது கடலின் ஏற்றவற்றம் என்பதால், அங்கே செல்ல விரும்புவோர் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

இந்த முறையில் பார்ப்பதற்கு முதல் ஊராகக் கிழக்குக் கடற்கரையில் உள்ள காங்னுங்கைச் சொல்வேன். சியோலிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் சென்றுவிடலாம். அங்கு நடக்கும் தானோ விழாவை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. விழாவின் முதன்மைத் தெய்வம் ஒரு பௌத்தத் துறவி என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பொமில் என்ற அந்தத் துறவி 810 முதல் 889 வரை வாழ்ந்தவர்; பழைய கொரிய அரசுகளில் ஒன்றான சில்லாவின் காலத்தில் குல்சான்சா என்ற பெரிய தியான மடத்தை நிறுவியவர். இது வரலாறு. ஊர் மக்கள் சொல்லும் கதையோ இன்னும் விரிவானது. ஹக்சான் கிராமத்துக் கன்னிப் பெண் ஒருத்தி கிணற்றில் நீர் மொண்டபோது, மொண்ட நீரில் சூரியன் மிதந்ததாகவும், அதைக் குடித்த அவள் கருவுற்றுப் பிள்ளை பெற்றதாகவும், ஊருக்கு அஞ்சிப் பாறை மறைவில் விடப்பட்ட அந்தக் குழந்தையைப் பெருங்கொக்குகள் சிறகால் மூடிக் காத்ததாகவும் சொல்கிறார்கள்.

எனவே காங்னுங்கில் இறங்கியதும் கடற்கரைக்கு ஓடாமல் ஹக்சானுக்குச் செல்லுங்கள். கதையில் வரும் கிணறும் கொக்குப் பாறையும் இன்றும் அங்கே இருக்கின்றன. மடம் அழிந்துவிட்டது, ஆனால் அதன் கொடிக்கம்பத்தைத் தாங்கிய இரண்டு கல்தூண்கள் வயல்வெளியில் தனியாக நிற்கின்றன. ஏறத்தாழ 5.4 மீட்டர் உயரமுள்ள அவை கொரியாவில் உள்ள இவ்வகைத் தூண்களில் மிகப் பெரியவை. உளித்தடம் மறையாத அந்தக் கல்லின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், அந்த மடம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்பது எந்த விளக்கப் பலகையும் இல்லாமலே புரிந்துவிடும்.

இரண்டாவதாகப் போக வேண்டிய இடம் தேக்வல்யோங் கணவாய். காங்னுங்குக்கு மேற்கே சுமார் 832 மீட்டர் உயரத்தில் உள்ள இந்தக் கணவாய்க்கு அருகில், மரங்களுக்கு நடுவே பொமிலின் சிறு கோயிலும் அதன் பக்கத்திலேயே மலைத்தெய்வத்தின் கோயிலும் இருக்கின்றன. மூன்று அரசுகளை ஒன்றாக்கிய போர்களில் பெயர் பெற்ற சில்லாத் தளபதி கிம் யூ-சின்தான் இங்கே மலைத்தெய்வம். பேருந்து வசதி குறைவு என்பதால் மேலே செல்ல வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, நடக்க முடிந்தவர்கள் பழைய கணவாய்ப் பாதை வழியாகக் கீழே இறங்கலாம். தெய்வமான பொமில் ஊருக்கு இறங்கி வரும் திசையும் அதுதான்.

மூன்றாவது இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஜோங் என்ற குடும்பத்துப் பெண்ணை மணந்துகொள்ளப் பொமில் தெய்வம் அவள் தந்தையின் கனவில் கேட்டதாகவும், மனிதரல்லாதவருக்குப் பெண் தர மாட்டேன் என்று அவர் மறுத்ததாகவும், மஞ்சள் மேற்சட்டையும் நீலப் பாவாடையும் உடுத்தித் திண்ணையில் அமர்ந்திருந்த அவளைப் புலி ஒன்று வந்து தூக்கிச் சென்றதாகவும் கதை தொடர்கிறது. தேடிச் சென்றவர்கள், அவள் உயிர் நீங்கித் தெய்வத்தின் அருகில் சிலைபோல நிற்பதைக் கண்டார்களாம். அவள் தெய்வத்தோடு சேர்ந்த நாளாக நான்காம் மாதப் பதினைந்தாம் நாளைக் கொள்கிறார்கள். நகருக்குள் அவளுக்குத் தனிக் கோயில் உண்டு. அவள் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வீட்டின் முன்னும் தெய்வ ஊர்வலம் நின்று வழிபாடு பெற்றே செல்லும். பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஊரே ஆண்டுதோறும் வந்து நின்று மரியாதை செய்வதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இந்த மூன்று இடங்களையும் பார்த்தவர்களுக்கு விழாவின் ஒவ்வொரு சடங்கும் தானாகவே விளங்கும். நான்காம் மாதம் ஐந்தாம் நாளில், ஊர் மக்கள் கொடுத்த அரிசியைக் கொண்டு தெய்வத்துக்கான மது ஊறவைக்கப்படுகிறது. பதினைந்தாம் நாளில் கணவாய்க் கோயிலில் பூசை முடிந்ததும், பூசாரிப் பெண் வேண்டுதல் சொல்ல, மரம் ஒன்று நடுங்குகிறது. தெய்வம் இறங்கியதாகக் கருதப்படும் அந்த மரத்தை வெட்டி, பலவண்ணத் துணிகளைக் கட்டி, ஊருக்குக் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கோயிலில் சேர்க்கிறார்கள். ஐந்தாம் மாதம் மூன்றாம் நாளில் தெய்வத் தம்பதியை நம்தேச்சொன் ஆற்றங்கரைப் பந்தலுக்கு அழைத்து வருகிறார்கள். எட்டாம் நாளில் வழியனுப்புகிறார்கள். ஐந்தாம் நாளில் மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகாமல், மூன்றாம் நாள் ஊர்வலத்துக்கே வந்துவிடுவது நல்லது. 1603இல் எழுத்தாளர் ஹோ கியூன் காங்னுங்கில் இந்த வழிபாட்டை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சியே.

ஆற்றங்கரையில் கடைகள் ஏராளமாக இருந்தாலும் முதலில் வழிபாட்டுப் பந்தலுக்குள் சென்று அமருங்கள். அங்கே பூசாரிப் பெண்கள் பல மணி நேரம் பாடி ஆடுவது பயணிகளுக்கான நிகழ்ச்சி அன்று. குடும்ப நலனுக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூதாட்டிகளுக்கானது. படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வதும், குறுக்கே நடக்காமல் இருப்பதும் அவசியம். முகமூடி நாடகத்துக்கு மொழி தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் முன்பு அரசு அலுவலகத்து அடிமைகள் நடித்துவந்த அந்த நாடகத்தில் வசனமே கிடையாது. பெண்கள் தலை அலசும் இடத்தையும் தவறவிடாதீர்கள். அங்கே கொதிக்கவைத்துப் பயன்படுத்தும் சாங்போ நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பான் என்று அழைக்கப்படும் வசம்பின் இனமே. மணத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இதே முறையை நாம்வொன் ஊரிலும் பின்பற்றலாம். அந்த ஊரின் காதல் கதையான சுன்ஹ்யாங் கதையின் நாயகி கற்பனைப் பாத்திரம். இருந்தும் அவளுக்குக் கோயில் உண்டு, கல்லறை உண்டு, 1931 முதல் விழாவும் உண்டு. காதலர் சந்தித்த குவாங்ஹல்லு மண்டபத்தையும் காக்கைப் பாலத்தையும் கூட்டம் சேர்வதற்கு முன் காலையிலேயே பார்த்துவிட்டு, மாலையில் அந்தக் கதையைப் பான்சோரி என்ற கதைப்பாட்டாகப் பாடுவதைக் கேளுங்கள். ஆந்தோங்கில் ஹாஹோ கிராமத்து முகமூடிகளைப் பார்க்கும்போது, தாடை இல்லாத ஒன்றைத் தேடுங்கள். அதைச் செதுக்கி முடிப்பதற்குள் சிற்பி இறந்துவிட்டான் என்பது அந்த ஊர்க் கதை.

பயண ஏற்பாட்டில் சில விஷயங்கள் முக்கியம். கொரியாவில் நடைவழி தேட கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பாமல் நேவர் அல்லது காகாவோ வரைபடத்தைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். சியோலில் வாங்கும் டி-மணி என்ற பயணக் கட்டண அட்டை பெரும்பாலான ஊர்ப் பேருந்துகளிலும் செல்லும். விழா நாட்களில் அறை கிடைப்பது அரிது என்பதால் நாள் உறுதியானதுமே பதிவு செய்துவிட வேண்டும். ஊர்க் கதைகளைப் படிக்க, கொரியவியல் ஆய்வு நிறுவனம் ஊர்வாரியாகத் தொகுத்துவரும் இணையக் கலைக்களஞ்சியம் பெரிதும் உதவும். கொரிய மொழியில் இருந்தாலும் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் படித்துவிடலாம்.

தமிழ் வாசகர்கள் கட்டாயம் கேட்கும் ஊர் ஒன்று உண்டு: கிம்ஹே. கி.பி. 48இல் 'ஆயுத' என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்த இளவரசி ஹோ ஹ்வாங்-ஓக், கயா என்ற பழைய கொரிய நாட்டின் மன்னர் சூரோவை மணந்தாள் என்று, 13ஆம் நூற்றாண்டில் துறவி இர்யோன் தொகுத்த சம்குக் யூசா கூறுகிறது. ஆயுத என்பதை அயோத்தி என்கிறார்கள் சிலர். பாண்டிய நாடு என்கிறார்கள் வேறு சிலர். மன்னர் கல்லறை வாயிலில் எதிரெதிரே வரையப்பட்டுள்ள இரட்டை மீன்களைப் பார்த்ததும் நமக்குப் பாண்டியர் சின்னம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் நூல் எழுதப்பட்டது நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு. அந்த வாயிலும் மிகப் பிற்காலத்தது. கதையைக் கதையாக மதித்து, மன்னர் முட்டையிலிருந்து தோன்றியதாகச் சொல்லப்படும் கூஜிபோங் குன்றில் தொடங்குங்கள். அதன் அருகிலேயே அரசியின் கல்லறையும், அலையை அடக்க அவள் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் செந்நிறக் கல்லடுக்கும் உள்ளன. பிறகு மன்னர் கல்லறைக்கும், 2023இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த கயாப் புதைமேடுகளில் ஒன்றான தேசொங்-தோங்குக்கும் செல்லுங்கள். அங்கே தோண்டியெடுத்த இரும்புப் பொருட்களிலிருந்து கயாவின் மெய்யான வரலாறு தெரியவரும். பூசானிலிருந்து கிம்ஹே செல்லும் இலகு ரயிலில் சூரோ மன்னர் கல்லறை என்ற பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. அங்கிருந்து இவை அனைத்தையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம்.