ராம்நாடு கடலோர ரோடுகளுக்கு மேப்புல சரியான வகை போடுறது எப்படி

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல (யாரு வேணா திருத்தக்கூடிய இலவச இணைய மேப்பு) நம்ம பக்கத்து ரோடுகளை வரையிறவங்க கோடெல்லாம் சரியாத்தான் போடுறாங்க, வகை போடுற இடத்துலதான் தப்பு நடக்குது. வழி காட்டுற ஆப்புக்கு ரோடு எப்படி இருக்குன்னு தெரியாதுங்க, நாம போட்ட வகைதான் தெரியும். ஓஎஸ்ஆர்எம்னு வழி கணக்கு போடுற மென்பொருள் ஒண்ணு இருக்கு, வேற வேகம் எதுவும் குறிக்கலைன்னா அதோட கார் கணக்குல டெர்ஷியரிக்கு (பல ஊரைச் சேக்குற சின்ன ரோடு) மணிக்கு 40 கிலோமீட்டர், ரெசிடென்ஷியலுக்கு (வீட்டுத் தெரு) 25, சர்வீஸுக்கு (கட்டடம், பங்குக்கு உள்ள போற வழி) 15, ட்ராக்னு (காட்டு, வயல் மண்பாதை) போட்டா அந்தப் பக்கம் காரையே அனுப்பாது.

எங்க சித்தப்பா மீன் லோடு ஏத்திக்கிட்டு விடியக்காலம் ஆப்பை நம்பிப் போயி, உப்பளத்து வரப்புல மாட்டிக்கிட்டாரு. வண்டி திருப்ப இடமில்ல, ஐஸ் பூரா உருகிருச்சு. வீட்டுக்கு வந்து மேப்பைத் திறந்து பாத்தா அந்த வரப்புக்கு யாரோ டெர்ஷியரின்னு போட்டு வச்சிருக்காங்க. சேட்டிலைட் படத்துல உப்பள வரப்பு நேரா வெள்ளையா சிமெண்ட் ரோடு மாதிரியே தெரியும், அதுதான் காரணம். அதனால உப்பளம், கண்மாய்க்கரை, கருவேலங்காட்டுக்குள்ள கரிமூட்டத்துக்குப் போற பாதை இதுக்கெல்லாம் ட்ராக் போடுங்க, சர்ஃபேஸ்ல மண்ணா மணலான்னும் சேத்துக் குறிங்க. தனியார் உப்பளம், கேட்டு போட்டிருக்குன்னா ஆக்சஸ் பிரைவேட்.

முக்கியமானது இதுதான்: ரோட்டோட அகலம், தாரு பாத்து வகை போடாதீங்க, அது எதை எதோட சேக்குதுன்னு பாத்துப் போடுங்க. புதுசா பளபளன்னு தார் போட்ட தெருவும் வீடுகளுக்கு மட்டும் போகுதுன்னா ரெசிடென்ஷியல்தான். குண்டும் குழியுமா கிடந்தாலும் ரெண்டு ஊரைச் சேக்குற யூனியன் ரோடுன்னா அன்கிளாசிஃபைட், அதுலயே பஸ்ஸு ஓடுது, நாலஞ்சு ஊருக்கு அதுதான் வழின்னா டெர்ஷியரி போடலாம். அன்கிளாசிஃபைட்ங்குற பேரைப் பாத்து வகை தெரியாத ரோடுன்னு நினைச்சுக்குறாங்க, அப்படி இல்ல, அதுவும் ஒரு வகைதான்.

பெரிய ரோட்டுல குழப்பம் கம்மி. பரமக்குடியில இருந்து ராமநாதபுரம், மண்டபம் வழியா தனுஷ்கோடிக்குப் போற என்ஹெச் 87ம் (பழைய 49), தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடின்னு போற ஈசிஆர் என்ஹெச் 32ம் ட்ரங்க், அதாவது முக்கிய நெடுஞ்சாலை வகை. ஸ்டேட் ஹைவேஸ் பிரைமரி, பெரிய மாவட்ட ரோடு செகண்டரி. நேர்ல போனா கிலோமீட்டர் கல்லோட தலையைப் பாருங்க, மஞ்சள்னா நேஷனல், பச்சைன்னா ஸ்டேட், ஆரஞ்சுன்னா கிராம ரோடு. கூகுள் மேப்பைப் பாத்து மட்டும் காப்பி அடிக்காதீங்க, லைசென்ஸ் அதுக்கு இடம் கொடுக்காது.

ஊருக்குள்ள நுழைஞ்சதும் ட்ரங்க்கை ரெசிடென்ஷியலா மாத்துறாங்க பாருங்க, அதை செய்யவே செய்யாதீங்க, ரோடு ஊரைத் தாண்டி அந்தப் பக்கமும் போகுதுல்ல. பாம்பன்லயும் அதே கதைதான், 1988ல திறந்த ரோட்டுப் பாலம் ட்ரங்க்காவே இருக்கணும், மேல பிரிட்ஜ், லேயர் 1 (தரைக்கு மேல ஒரு அடுக்குன்னு அர்த்தம்) சேத்தா போதும், பக்கத்துல ரயில் பாலம் தனிக்கோடு, ரெண்டையும் ஒட்டிறாதீங்க.

தனுஷ்கோடி பக்கம் பழைய தடங்களைக் கவனிங்க. 1964 புயலுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினா ஜீப்பு மணல்லதான் போச்சு, 2017லதான் அரிச்சல்முனை வரைக்கும் 9.5 கிலோமீட்டர் ரோடு திறந்தாங்க. அந்த மணல் தடம் எங்கயாச்சும் இன்னும் ரோடுன்னு கிடந்தா நேர்ல பாத்துட்டு மாத்துங்க, சேட்டிலைட் படம் பழசா இருக்கலாம்.

சேவ் பண்ணும்போது கமெண்ட்ல ஏன் மாத்தினோம்னு ஒரு வரி எழுதிருங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்துலயே தேவிபட்டினம் டூ கீழக்கரை வழி கேட்டுப் பாருங்க, ஈசிஆரை விட்டுட்டு சந்துக்குள்ள நுழைஞ்சு சுத்துச்சுன்னா எங்கயோ ஒரு துண்டு வகை மாறியோ முனை ஒட்டாமலோ கிடக்கு, ஜூம் பண்ணித் தேடுங்க.