கூர் பக்கம் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. Chur என்ற ஆங்கில எழுத்துகளைப் பார்த்துவிட்டு 'சூர்' என்று கேட்பார்கள், எதிரே இருப்பவருக்கு அது சூரிக்கின் பாதி மாதிரி காதில் விழும். ஊரின் பெயர் கூர். சூரிக்கிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. கிரௌபுண்டன் மாநிலத்தின் தலைநகர், சுமார் 40,000 பேர் வசிக்கும் ஊர், சுவிட்சர்லாந்தின் மிகப் பழைய நகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதும் இதுதான்.

இவ்வளவு பழைய ஊரை ரயில் மாறுகிற இடமாக மட்டும் பயன்படுத்துவது இரண்டாவது தவறு. சிவப்பு நிற சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸில் ஏற வருகிறவர்கள் நடைமேடையில் பத்து நிமிடம் நின்று, காபி குடித்து, படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அதையேதான் செய்தேன். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பழைய நகரம். ரோமானியர் காலத்து ஊர், 451-லேயே ஆயர் ஒருவர் இருந்ததற்குப் பதிவு உண்டு. ஆனால் தெருவில் பார்க்கும் வீடுகளை எல்லாம் ரோமானியர் காலத்தோடு சேர்த்துவிடாதீர்கள், 1464-ல் ஒரு பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது, அதற்குப் பிறகு எழுந்ததுதான் நிறைய.

மேட்டில் பேராலயம், 1272-ல் அர்ச்சிக்கப்பட்டது. வாசலில் நின்று நேராகப் பாருங்கள், ஏதோ சரியில்லை என்று தோன்றும். பீடம் இருக்கும் பகுதி கூடத்தின் நேர்க்கோட்டில் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது. கண்ணில் கோளாறு இல்லை, கட்டடமே அப்படித்தான். அந்தக் கோணல் முனையில் சிற்பி யாக்கோப் ருஸ் 1486 முதல் 1492 வரை செய்த மரப் பீடம் இருக்கிறது, அதற்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். கீழே இறங்கினால் புனித மார்ட்டின் தேவாலயம், இது சீர்திருத்தச் சபையுடையது, அதாவது புராட்டஸ்டன்ட். மேலே கத்தோலிக்க ஆயர், கீழே சீர்திருத்தச் சபை நகரம், நடுவே ஒரு ஏற்றம், இந்த ஊரின் பாதி வரலாறு அந்த ஏற்றத்தில் இருக்கிறது. மார்ட்டின் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைச் செய்தவர் ஜாக்கோமெட்டி என்றதும் ஒல்லி ஒல்லியாக மனிதர்களை வடித்த சிற்பியை நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அல்பெர்ட்டோ. ஜன்னல்கள் அவருடைய உறவினரான அகுஸ்தோவின் வேலை, 1919.

திங்கட்கிழமை போகாதீர்கள். ரேட்டிய அருங்காட்சியகமும் கலை அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், அதற்கு முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளலாம். ரோமானிய இடிபாடுகளின் மேல் கட்டடக் கலைஞர் பீட்டர் சும்தோர் 1986-ல் எழுப்பிய மரக் கூண்டுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பூட்டிய கதவு முன்னால் நிற்பதுண்டு. சாவிக்கு முதலில் சுற்றுலாத் தகவல் அலுவலகத்தில் கேளுங்கள்.

இப்போது பெரிய தவறுக்கு வருகிறேன்: ஒரே நாளில் நாலு இடம். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். ஆனால் கூர் நகரை உள்ளங்கையாக வைத்துக்கொண்டால் பள்ளத்தாக்குகள் விரல்கள். அரோசா ஒரு விரல், அல்புலா ஒன்று, வியாமாலா பள்ளம் இருக்கும் பின் ரைன் ஒன்று, ரைன் பெரும்பள்ளம் இருக்கும் முன் ரைன் ஒன்று (இரண்டும் ரைன் ஆற்றின் கிளைகள்), ஆற்றோடு கீழே இறங்கினால் மையன்ஃபெல்டும் பாட் ரகாட்ஸும். ஒரு விரல் நுனியிலிருந்து இன்னொன்றுக்குப் போக பெரும்பாலும் உள்ளங்கைக்கே திரும்பி வர வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு விரல், அவ்வளவுதான். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ம்யூஸ்டைர் மடத்தையும் கூரிலிருந்து 'ஒரு எட்டு' பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறார்கள். போகவே ஏறக்குறைய 3 மணி நேரம், அதே மாநிலம் என்பதால் பக்கம் ஆகிவிடாது.

அரோசா ரயிலை நிலையத்துக்குள் தேடி அலைந்து தவற விட்டவர்களில் நானும் ஒருவன். அது வெளியே, நிலைய வாசலில் நிற்கிறது, டிராம் மாதிரி ஊர்த் தெருவில் கார்களோடு போய்விட்டுத்தான் மலை ஏறுகிறது. ஒரு மணி நேரப் பயணம், நடுவே 1914-ல் கட்டிய லாங்வீஸ் கான்கிரீட் பாலம், 62 மீட்டர் உயரம்.

பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு இடம் கிடைக்கவில்லை என்று பயணத்தையே கைவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பொறுக்காது. அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, முன்பதிவு தேவையில்லை, வழியில் மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்பிரஸுக்கோ சுவிஸ் டிராவல் பாஸ் கையில் இருந்தாலும் இருக்கைக் கட்டணம் தனி. அதன் பெரிய கண்ணாடிகள் திறக்காது, எடுக்கிற படத்தில் பாதி உங்கள் சட்டையின் பிரதிபலிப்பாக இருக்கும். சாதாரண ரயிலில் இறக்கக்கூடிய ஜன்னல் உள்ள பெட்டி கிடைத்தால் அதுதான் மேல். கூரிலிருந்து போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் லாண்ட்வாசர் பாலம் வரும்: 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள், வளைந்து போய் நேராகச் செங்குத்துப் பாறைக்குள் நுழைகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பாலத்தைப் பாலமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஃபிலிசூரில் இறங்கி நடப்பதுதான் வழி. கடைசி நிலையமான திரானோ இத்தாலியில் இருக்கிறது, பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

என்னைக் கேட்டால் எல்லா விரல்களிலும் பின் ரைன்தான் சிறந்தது, அதிலும் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். வியாமாலாவில் இறங்கி, 300-க்கு மேல் படிகள் இறங்கி, பாறை இடுக்கில் ஆறு சீறுவதையும் தலைக்கு மேல் 1739-ன் கல் பாலத்தையும் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஏறி வந்து, அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். பேருந்தில் இன்னும் சில கிலோமீட்டர் போனால் சில்லிஸ் கிராமம். அங்கே ஒரு தேவாலயம், வெளியே பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே மர விதானத்தில் 153 ஓவியப் பலகைகள், 12-ஆம் நூற்றாண்டு. அண்ணாந்து பார்க்க ஆரம்பிப்பீர்கள், ஐந்தாவது நிமிடம் கழுத்து பிடித்துக்கொள்ளும். அங்கே கைக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்தபடி நடந்தால் விதானம் கைக்குள் நகர்ந்துகொண்டே வரும். ஓரம் சுற்றிலும் கடல், அதில் மீன் வால் கொண்ட விசித்திர மிருகங்கள். நடுவில் இயேசுவின் கதை, கடைசி வரிசையில் புனித மார்ட்டின். ஒரு பலகையையும் விடாமல் வரிசை வரிசையாகப் பாருங்கள், அவசரமாகப் பார்த்தால் வெறும் வண்ணக் கட்டங்கள்தான் தெரியும்.

பருவம் பார்க்காமல் போவது இன்னொன்று. வியாமாலா படிகளும் பாட் ரகாட்ஸ் பக்கத்துத் தாமினா பள்ளமும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். தாமினாவுக்குள் சொந்தக் கார் போகாது, நடக்கலாம், பேருந்தும் உண்டு. உள்ளே பாறையிலிருந்து 36.5 டிகிரி வெந்நீர் வருகிறது, அந்தக் காலத்தில் நோயாளிகளைக் கயிற்றில் கட்டித்தான் அந்த நீருக்கு இறக்கினார்களாம். மையன்ஃபெல்டின் 'ஹைடி வீடு' குழந்தைகளோடு போனால் சரி, ஆனால் ஹைடி கதையில் வந்த பெண், அந்த வீட்டில் யாரும் அப்படி வாழவில்லை.

அப்புறம் சாப்பாடு. சைவக்காரர்கள் பார்லி சூப்பை நம்பி ஆர்டர் செய்வதுண்டு, அதில் பெரும்பாலும் உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டுகள் இருக்கும். கீரை இலையில் சுருட்டிய கபுன்ஸ் பார்க்கப் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும், உள்ளே இறைச்சி. உருளைக்கிழங்கைத் துருவி மாவு சேர்த்து வெண்ணெயில் வறுத்த மாலுன்ஸ் கேளுங்கள், ஆப்பிள் கூழோடு வரும்.