பாம்புக்கடி சிகிச்சை: லேபில் ஒத்திகை, வார்டில் பழக்கம்

நர்சிங் மாணவிகளுக்கு சிமுலேஷன் லேப் (பொம்மை நோயாளியை வைத்து ஒத்திகை பார்க்கும் கூடம்) மேலா, வார்டு போஸ்டிங் மேலா என்ற கேள்வியே கோணல். அமெரிக்க நர்சிங் வாரியங்களின் கூட்டமைப்பு 10 கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றியும் மாணவர்களின் அறிவிலும் திறனிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே ஆசிரியர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். பொம்மையை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் கல்லூரிக்கு அந்த முடிவு பொருந்தாது.

எங்கள் கணக்கு எளிது. தினமும் வருவதை வார்டில் கற்கலாம். எப்போதாவது வந்து உயிரைப் பறிப்பதை முதலில் லேபில் பழக வேண்டும். டெல்டாவுக்குப் பாம்புக்கடியை விடப் பொருத்தமான உதாரணம் இல்லை. சம்பா நடவும் மழையும் சேரும் மாதங்களுக்கு முன்பே இந்த ஒத்திகையை முடித்துவிடுங்கள்.

ஒரு குழுவுக்கு ஆறு பேர்: முதன்மை நர்ஸ், மருந்து கலப்பவர், பதிவு எழுதுபவர், உறவினராக நடிப்பவர், பார்வையாளர் இருவர். நோயாளி 45 வயது விவசாயி. காலில் கண்ணாடி விரியன் கடித்து 40 நிமிடம் ஆகிறது. ரத்த அழுத்தம் 90/60, நாடித்துடிப்பு 112, ஈறில் ரத்தக் கசிவு. முழங்காலுக்குக் கீழே துண்டை இறுகக் கட்டி வையுங்கள். பெரும்பாலான மாணவிகள் வந்ததும் அதைத்தான் அவிழ்ப்பார்கள். திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறலாம். டாக்டர் பக்கத்தில் இருந்து, ட்ரிப் லைன் போட்ட பிறகுதான் தளர்த்த வேண்டும்.

அடுத்தது 20 நிமிட ரத்தம் உறைதல் சோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். லேபில் இரண்டு குழாய் தயார் செய்யுங்கள்: ஒன்றில் சிவப்புச் சாயத் தண்ணீர், மற்றதில் அதே சாயம் சேர்த்துக் காய்ச்சி உறைந்த கடல்பாசி. நோன்பு காலத்தில் வீட்டில் செய்கிற அதே கடல்பாசிதான். உறையாததும் உறைந்ததும் கண்ணில் பதிந்துவிடும். பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூளில் கழுவிய குழாயோ எடுத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும்.

ரத்தம் உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து 10 வயல் (சிறு மருந்துப் புட்டி). ஒவ்வொன்றையும் 10 மில்லி நீரில் கரைத்து, சலைனில் சேர்த்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது. வயலைக் குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்ற வேண்டும். காலி வயலில் பால் பவுடர் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். குலுக்கியவரின் கையில் நுரை சாட்சி சொல்லும். குழந்தைக்கும் அதே அளவுதான். விஷத்தின் அளவு உடம்பு எடையைப் பார்த்துக் குறைவதில்லை.

ட்ரிப் தொடங்கி பத்தாவது நிமிடம், மருந்து ஒவ்வாமல் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சிரைப்பு, அழுத்தம் 70/40 என்று அறிவியுங்கள். ட்ரிப்பை நிறுத்தி, டாக்டரை அழைத்து, 1 மில்லி ஆம்பூலில் பாதியை, அதாவது 0.5 மில்லிகிராம் அட்ரினலினை, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பதற்றத்தில் முழு ஆம்பூலையும் நரம்பு வழியே செலுத்தப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பொம்மை சாகாது என்பதால் லேபில் அதை நடக்கவிடுங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள்.

ஒத்திகை 15 நிமிடம் என்றால், நடந்ததை உட்கார்ந்து அலசும் பின்பேச்சு 30 நிமிடம். "ஏன் செய்யலை?" என்று கேட்டால் வாய் மூடிவிடும். "அந்த நேரத்துல என்ன நினைச்சீங்க?" என்று கேளுங்கள். பார்வையாளர் இருவரும் முதலில் பேசட்டும்.

பிறகு ஒரு வாரத்துக்குள் வார்டு. பொம்மையின் கையில் நரம்பு எப்போதும் கிடைக்கும். அழுத்தம் குறைந்த ஆளிடம் கிடைக்காது. பச்சிலை அரைத்துப் பூசிய கால், "எங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு சிஸ்டர்?" என்று கையைப் பிடிக்கும் அம்மா, கூட்டத்தில் மறந்துபோன சோதனைக் குழாய் எல்லாம் அங்கே மட்டும்தான். ஸ்டாஃப் நர்ஸ் பக்கத்தில் இல்லாமல் மாணவி மருந்து ஏற்றக் கூடாது. ஆனால் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கட்டுவிரியன் கடித்த கேஸ்களில் அரை மணிக்கு ஒரு முறை கண்ணிமை தொங்குகிறதா, தலையைத் தூக்க முடிகிறதா, "ஐயா, ஒரே மூச்சுல எண்ணுங்க" என்றால் எத்தனை வரை போகிறார் என்று குறிப்பதை முழுக்க மாணவியிடமே விடலாம். எண்ணிக்கை 20இலிருந்து 12க்கு இறங்குவதைத் தன் கையால் எழுதியவருக்கு மூச்சுத் தசை தளர்வது என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதற்காக மட்டும் ஓடுகிற போஸ்டிங்கில் இது நடக்காது.

லேபைப் பூட்டும்முன் ஒன்று: பயிற்சி வயல், ஆம்பூல் ஒவ்வொன்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று சிவப்பில் ஒட்டி, எண்ணித் திருப்பி வாங்குங்கள். பால் பவுடர் வயல் மாணவியின் கோட்டுப் பையில் வார்டுக்குப் போய்விடக் கூடாது.